மின்காப்புக்குக் கலிங்கு வேண்டும்

(பாலக்கோட்டில் உழவரும் மாணவரும் மின்பணியாளரும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



வானம் இடிக்கும்போது 'அருச்சுனா, அருச்சுனா' என்று கூவும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்ற ஒழிந்தபாடில்லை. அப்பெயரைக் கேட்டு இடி அஞ்சியோடியதாக இதுவரை எந்த மின்மாற்றியும் சான்று பகர்ந்ததில்லை. கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள், கிணற்றில் நீர் இருக்கும். தக்காளித் தோட்டம் வாடி நிற்கும். இடையில் இருக்கும் மின்மாற்றி எரிந்து கிடக்கும். 'ஏன் எரிந்தது?' என்று கேட்டால், 'இடி விழுந்தது' என்பதே விடை. அதற்குமேல் வினவுவாரும் இல்லை, விளக்குவாரும் இல்லை.

அவ்விடை விடையாகாது. ஒரே முகில், ஒரே இடி, ஒரே மின்தொடர். ஆயினும் ஓரூர் மின்மாற்றி எரிகிறது, அடுத்த ஊர் மின்மாற்றி பிழைக்கிறது. இடி மட்டுமே கரணியமாயின் இரண்டும் எரிந்திருத்தல் வேண்டும். ஆகவே இடிக்கு அப்பால் வேறொன்று உண்டு. அவ்வொன்று எது என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மின்காப்பு யாது?

மின்னல் என்பது ஒளி. இடி என்பது ஒலி. விழுந்து தாக்குவதை நம் முன்னோர் உரும் என்றனர். மூன்றும் ஒரு நிகழ்ச்சியின் மூன்று முகங்கள். முகிலுக்கும் நிலத்துக்கும் இடையே பல கோடி வோல்ட்டு அழுத்தம் திரண்டு, காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்குவதே உரும். அதன் மின்னோட்டம் பொதுவாக முப்பதாயிரம் ஆம்பியர் அளவினது. அரிதாக இரண்டு நூறாயிரத்தையும் எட்டும். அது செல்லும் வழியில் காற்று ஏறத்தாழ 30,000 செல்சியசு வெப்பம் அடைகிறது. கதிரவனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு வெப்பம் அது.

மின் செல்லும் வழியை வகுப்பது கம்பி. செல்லக்கூடாத வழியை அடைப்பது மின்காப்பு. கம்பத்தின்மேல் இருக்கும் பீங்கான், கம்பிகளுக்கு இடையில் நிற்கும் காற்று, மின்மாற்றித் தொட்டியின் எண்ணெய், அதனுள் செம்புக் கம்பியில் சுற்றிய தாள், உழவர் மோட்டார் என வழங்கும் மின்னோடியின் கம்பிமேல் பூசிய மெருகு ஆகிய யாவும் மின்காப்பே. கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், கட்டிக்கொள்ளலாம். காப்பு கெட்டால் கண்ணுக்குத் தெரியாது, கெட்டபின்னரே தெரியும். மின்னமைப்பின் வாணாள் என்பது பெரும்பாலும் அதன் காப்பின் வாணாளே.

ஏரியும் கரையும்

இதனை விளக்க நம் நாட்டு ஏரியினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஏரியில் தேங்கிய நீர் மின்னழுத்தம். அதைத் தாங்கி நிற்கும் கரை மின்காப்பு. நாள்தோறும் நிற்கும் நீருக்கு மட்டும் அளவாகக் கரை கட்டுபவன் அறிவிலி. வெள்ளத்துக்கும் சேர்த்தே உயர்த்துவான் அறிவாளி. மின்பொறியாளரும் அவ்வாறே செய்தனர்.

நம் ஊர்த் தெருவுக்கு வரும் மின்தொடர் 11 கிலோவோல்ட்டு. ஆனால் அதில் மாட்டும் மின்மாற்றியின் காப்பு, இமைப்பொழுதில் வந்துபோகும் 75 அல்லது 95 கிலோவோல்ட்டுத் தாக்கைத் தாங்குமாறு வகுக்கப்பெறுகிறது. 110 கிலோவோல்ட்டுக் கருவிக்கு அவ்வளவு 550. 400 கிலோவோல்ட்டுக் கருவிக்கு 1425. இவ்வாறு திடுமென எழுந்து விரைந்து தணியும் அழுத்தத்தைத் தாக்கழுத்தம் என்போம்.

இவ்வெண்களில் ஒரு நுட்பம் உண்டு. 11 கிலோவோல்ட்டுக் கருவிக்குக் கரை ஏறத்தாழ ஏழு மடங்கு உயரம்; 400 கிலோவோல்ட்டுக்கோ மூன்றரை மடங்கே. அழுத்தம் ஏற ஏறக் காப்பின் விலையும் பருமனும் ஏறுகின்றன. எல்லை கடந்து கரையை உயர்த்திக்கொண்டே போக முடியாது. ஏரியிலும் அதுவே உண்மை. வானளாவக் கரை கட்டிய ஊர் எங்கும் இல்லை. பின் ஏரி எவ்வாறு பிழைக்கிறது? கலிங்கினால் பிழைக்கிறது. கரையைவிடத் தாழ்ந்து, நாள்நீரைவிட உயர்ந்து நிற்கும் கலிங்கு, வெள்ளம் வந்தால் வழிவிட்டு, வெள்ளம் வடிந்தால் தானே நின்றுவிடும். மின்னமைப்பின் கலிங்கு யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தாக்கழுத்தத்தின் இயல்பு

நொடியைப் பத்து நூறாயிரம் கூறிட்டால் அவற்றுள் ஒன்று நுண்ணொடி. ஆய்வுக்கூடங்களில் இடித்தாக்கின் படியாக வகுத்துள்ள அலை, 1.2 நுண்ணொடியில் உச்சத்தை எட்டி, 50 நுண்ணொடியில் பாதியாகத் தணிவது. கண் ஒருமுறை இமைப்பதற்குள் இத்தகைய அலை ஆயிரக்கணக்கில் வந்துபோகலாம்.

இவ்வலை மின்கம்பியில் ஏறக்குறைய ஒளியின் விரைவில் ஓடுகிறது. ஒரு நுண்ணொடிக்கு 300 மீட்டர். பாலக்கோட்டில் எழுந்த அலை, நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் தருமபுரியை எட்டிவிடும். இடி கம்பியின்மேல் நேரே விழவேண்டும் என்பதும் இல்லை. அருகில் விழுந்தாலே போதும். கம்பியில் நூறு கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தூண்டப்பெறலாம். தொலைவில் உள்ள பனைமரத்தில் விழுந்த இடிக்கு ஊர் மின்மாற்றி எரிவது இதனால்தான்.

ஓடிவந்த அலை தொடரின் முடிவில் மின்மாற்றியைச் சந்திக்கிறது. விரைந்த அலைக்கு மின்மாற்றி அடைத்த கதவு போன்றது. நீரேற்றும் குழாயின் வாயைத் திடுமென அடைத்தால் நீர் திரும்பி அறைந்து குழாய் அதிர்வதை உழவர் அறிவர். அவ்வாறே அலையும் மோதித் திரும்புகிறது. வந்த அலையும் திரும்பிய அலையும் கூடுமிடத்தில் அழுத்தம் இருமடங்கை நெருங்குகிறது. வழியில் இருக்கும் கம்பங்களைவிடக் கடைசியில் இருக்கும் மின்மாற்றி மிகுதியாக அல்லற்படுவதன் கரணியம் இதுவே.

காப்பு கெடும் வகை

காப்பில் இருவகை உண்டு. தன்னைத் தானே ஆற்றிக்கொள்வது ஒன்று, ஆற்றிக்கொள்ள மாட்டாதது மற்றொன்று. காற்று முதல்வகை. ஒரு செண்டிமீட்டர் காற்று ஏறத்தாழ முப்பது கிலோவோல்ட்டைத் தாங்கும். மீறினால் பொறி தாவும். மின்னோட்டம் அறுந்ததும் காற்று மீண்டும் காப்பாகிவிடும். பீங்கானின் வெளிப்புறத்தே பொறி தாவினாலும், பீங்கான் வெடிக்காதவரை, தொடரை மீண்டும் இயக்கலாம்.

தாளும் மெருகும் இரண்டாம் வகை. அவற்றில் ஒருமுறை விழுந்த துளை துளையே. அதன் சுவர் கரியாகும். கரி மின்னைக் கடத்தும். அடுத்த தாக்குக்கு அதுவே நடைபாதையாகும். ஒரே இடியில் எரியாத மின்மாற்றி பத்தாம் இடியில் எரிவதும், இடித்த அன்று ஓடிய மின்னோடி பத்து நாள் கழித்துப் புகைவதும் இவ்வாறே. கரையான் தின்ற தூண் காற்றடித்த அன்று விழுகிறது. பழியோ காற்றின்மேல் போகிறது!

தாக்கு எங்கே முதலில் கடிக்கும் என்பதும் அறியத்தக்கது. நாள்தோறும் வரும் அழுத்தம் சுருளின் சுற்றுகள் அனைத்திலும் ஒப்பப் பங்கிட்டு நிற்கும். நூறு பேர் தூக்கும் தேர்வடம் போல ஒவ்வொருவருக்கும் சிறு பங்கே. நுண்ணொடியில் எழும் தாக்கழுத்தமோ அவ்வாறு பங்கிட நேரம் தருவதில்லை. அது கம்பி வழியே சுற்றிச்சுற்றிப் போகாமல், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே, சுற்றுக்கும் தொட்டிக்கும் இடையே தாவிப் பரவுகிறது. ஆதலின் தொடரை ஒட்டிய முதற்சில சுற்றுகளே பெரும்பங்கைச் சுமக்கின்றன. எரிந்த மின்மாற்றியை அவிழ்ப்பவர் வாயிற்பக்கச் சுற்றுகள் கருகியிருக்கக் காண்பது இதனாலேயே.

எண்ணெயின் நிலையும் ஈண்டு நோக்குதற்குரியது. பயன்பாட்டில் உள்ள எண்ணெய், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் குறைந்தது 30 கிலோவோல்ட்டைத் தாங்கவேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். மிகச் சிறிதளவு ஈரம் கலந்தாலும் அவ்வலிமை சரிந்துவிடும். மின்மாற்றியின் மூச்சுக்குழலில் உள்ள நீலமணிகள் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே வைத்தவை. அவை வெளிறி இளஞ்சிவப்பாயின், உறிஞ்சும் திறம் தீர்ந்தது என்று பொருள். நீலம் மாறிய மணி, இடிக்கு முன்னரே எழுதிவைத்த முறையீடு.

உயரமும் காலமும்

அழுத்தத்தின் உயரம் மட்டுமன்றி அது நிற்கும் காலமும் கேட்டை வரையறுக்கும் என்பது இத்துறையின் அடிப்படை. நுண்ணொடி மட்டும் வரும் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கிய அதே காப்பு, அதனினும் தாழ்ந்த அழுத்தம் நெடிது நின்றால் தாங்காது.

இவ்வுண்மையை இவ்வட்டத்தின் காடோர ஊர்கள் துயரத்தோடு கண்டன. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பாக இட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண்யானைகள் மாண்டன. கன்றுகள் இரண்டு தாயற்று எஞ்சின. முறையான வேலிக்கருவி ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வோல்ட்டு வரை எழுப்பும். ஆயினும் நொடிக்கு ஒருமுறை, நொடியின் ஆயிரத்தில் சில பங்கைத் தாண்டாத சிறு துடிப்பாக மட்டுமே எழுப்பும். அது சுண்டும், விரட்டும், கொல்லாது. மின்தொடரிலிருந்து நேரே கொக்கியிட்டு இழுத்த மின்னோ அதனினும் அழுத்தம் குறைந்ததாயினும் விடாது நிற்கும்; பிடித்த உயிரைப் பறித்தே விடும். 'வீட்டு மின்தானே' என்ற எண்ணம் யானையையும் கொல்லும்; வேலியோரம் நடக்கும் மாந்தனையும் கொல்லும்.

தொலைவழித் தொடர்கள்

தென்னாட்டில் மின் தொலைவழி சென்ற வரலாறு காவிரியோடு தொடங்கியது. ஒகேனக்கல்லில் நம் மாவட்டத்தைத் தொடுமுன் காவிரி விழும் சிவசமுத்திரத்திலிருந்து, 1902இல், கோலார் பொன்வயலுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் மின் சென்றது. அந்நாளில் உலகின் நெடுந்தொடர்களுள் அஃதொன்று. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த சுரங்கங்கள் அம்மின்னால் இயங்கின. 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் தமிழ்நிலத்தில் மின் தந்தன. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிய ஒவ்வொரு தொடரும் இடிக்கு இலக்காகவே நின்றது.

உயர்ந்த இரும்புக் கோபுரங்களின் உச்சியில் மின் செலுத்தாத கம்பி ஒன்றோ இரண்டோ ஓடக் காணலாம். இடியைத் தாம் ஏற்றுக் கோபுரத்தின் வழியே நிலத்துக்கு அனுப்பும் காப்புக்கம்பிகள் அவை. கோபுரத்தின் அடிமண் மின்னை எளிதில் ஏற்காத கற்பாறையாயின், இறங்க வழியின்றிக் கோபுரமே பேரழுத்தம் அடையும். அங்கிருந்து பொறி பின்னோக்கி மின்கம்பிக்குத் தாவும். காக்க நிறுத்திய கோபுரமே தாக்கும் நிலை அது!

ஏறத்தாழ 300 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட தொடர்களில் இடியோடு இன்னொரு பகையும் உண்டு. நீண்ட தொடரை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் அமைப்பினுள்ளேயே எழும் அலை அது. 250 நுண்ணொடியில் உச்சம் எட்டி 2500 நுண்ணொடியில் பாதியாகும் அலையைக் கொண்டு அதனை ஆய்கின்றனர். இடியலையைவிட மெல்ல எழுவது. ஆனால் நெடிது நிற்பது. 765 கிலோவோல்ட்டுத் தொடர்களும், சட்டிசுகரின் இராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் வரும் நேர்மின் தொடரும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்ட இந்நாளில், கோபுரத்தின் அகலத்தைப் பெரிதும் வரையறுப்பது இவ்வுட்பகையே.

இத்துணையும் அறிந்தது எவ்வாறு எனின், இடிக்குக் காத்திருந்து அன்று; இடியைச் செய்து பார்த்து. 1920களில் செருமானியராகிய எர்வின் மார்க்சு ஒரு பொறியை அமைத்தார். மின்தேக்கிகள் பலவற்றைப் பக்கம்பக்கமாக இணைத்து நிரப்பி, பொறித்தாவலால் அவற்றை ஒருநொடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடுப்பது அதன் முறை. நூறு கிலோவோல்ட்டுத் தேக்கி பத்து, ஆயிரம் கிலோவோல்ட்டாகி வெடிக்கும். சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்திலும் இத்துறை பயிற்றப்பெறுகிறது.

கலிங்கு எது?

இனி முதல் வினாவுக்கு வருவோம். மின்மாற்றியின் அருகே, ஒவ்வொரு கம்பியிலிருந்தும் இறங்கும் சிறு தூண் ஒன்றைக் காணலாம். மின்பணியாளர் 'எல்.ஏ.' என்பர், இடிதாங்கி என்போம். 1752இல் பெஞ்சமின் பிராங்கிளின் காலத்தில் பெயர்பெற்ற கூர்ங்கம்பி, கட்டடத்துக்கு ஆவது. இது மின்தொடருக்கு ஆவது. 1970களில் யப்பானியர் துத்தநாக ஆக்சைடு வில்லைகளால் இதனைச் சிறக்கச் செய்தனர். இயல்பான அழுத்தத்தில் அவ்வில்லை மின்னைப் பெரும்பாலும் தடுத்து நிற்கும். அழுத்தம் மிகுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியருக்கு வழிவிடும். அலை தணிந்ததும் மீண்டும் தடுக்கும். இதுவே கலிங்கு.

ஆயின் கலிங்கு மட்டும் இருந்தால் போதுமா? கலிங்கிலிருந்து நீரைக் கொண்டுசெல்லும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் என்னாகும்? நீர் ஏறிக் கரையையே உடைக்கும். இடிதாங்கியின் வாய்க்கால், அதன் அடியிலிருந்து மண்ணுக்குச் செல்லும் நிலக்கம்பி.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நுண்ணொடியில் ஐயாயிரம் ஆம்பியராக எழும் தாக்கு வருவதாகக் கொள்வோம். இடிதாங்கியில் நிற்கும் அழுத்தம் ஏறத்தாழ 30 கிலோவோல்ட்டு. காப்பின் தாங்குதிறனோ 75. ஆகவே காப்பு பிழைக்கும். ஆனால் நிலக்கம்பி ஐந்து மீட்டர் நீளமாயின், நேரான கம்பியே விரைந்த ஓட்டத்தைத் தடுப்பதால், மீட்டருக்கு ஐந்து வீதம் 25 கிலோவோல்ட்டு கூடும், 55 ஆயிற்று. மண்ணின் தடை பத்து ஓம் எனின், ஐயாயிரத்தைப் பத்தால் பெருக்க, இன்னும் 50 கிலோவோல்ட்டு. இடிதாங்கியின் நிலக்கம்பி மின்மாற்றித் தொட்டியோடு இணையாமல் தனித்து நின்றால் அதுவும் காப்பின்மேலேயே ஏறும். மொத்தம் 105! கரையின் உயரம் 75. வெள்ளத்தின் உயரம் 105. இடிதாங்கி இருந்தும் மின்மாற்றி எரிகிறது. எரித்தது இடி மட்டுமன்று. நீண்ட கம்பியும் வறண்ட மண்ணும் கூட.

இங்கே நம் மாவட்டத்தின் இயல்பைச் சேர்த்துக் காண்க. இது கற்பாறை மிகுந்த மேட்டுநிலம். ஈரம் நில்லாத மண். தை முதல் நிலம் காய்ந்துகொண்டே வருகிறது. சித்திரை வைகாசியில் முதற் கோடைமழை இடியோடு வருகிறது. நிலக்குழி மிகவும் வறண்டிருக்கும் நாளும், இடி மிகுதியாக விழும் நாளும் ஒன்றாகவே அமைகின்றன. மழை நிலத்தை நனைக்குமுன்னரே உரும் விழுந்துவிடுகிறது. அடுத்த ஊர் மின்மாற்றி பிழைத்ததன் மறைபொருள் பெரும்பாலும் இதுவே: அங்கே கம்பி குறுகியிருக்கும், இணைப்பு துருவாதிருக்கும், குழி ஈரமாயிருக்கும்.

செயத்தக்கன

ஆதலின் செயத்தக்கன சிலவே. அவை பெரும்பொருட் செலவினவும் அல்ல. இடிதாங்கி மின்மாற்றியை ஒட்டியே நிற்றல் வேண்டும். அதன் நிலக்கம்பி குறுகியதாக, வளைவும் சுருளும் இன்றி இறங்குதல் வேண்டும். அதனைத் தொட்டியின் நிலக்கம்பியோடு இணைத்தல் நன்று என்பது உயரழுத்தப் பொறியியல் காட்டும் நெறி. நிலக்குழியின் தடையைக் கோடைக்கு முன்பே அளத்தல் வேண்டும். இவை மின்வாரியப் பொறியாளரும் பணியாளரும் செய்வன. பிறர் கைவைத்தல் உயிருக்கு ஏதம். ஆனால் அறுந்த நிலக்கம்பி, வெளிறிய மணி, கசியும் எண்ணெய், வெடித்த பீங்கான் ஆகியவற்றைத் தொலைவில் நின்று கண்டு, பிரிவு அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிப்பது ஊரார் கடமை. மின்மாற்றி எரிந்தபின் ஊர்கூடிப் போவதினும், எரியுமுன் ஒருவர் போவது மேல்.

தத்தம் கிணற்று மின்னோடிக்கு நிலக்கம்பி உண்டா, அது துருவேறி அறுந்துள்ளதா என்று அறிந்த பணியாளரைக் கொண்டு பங்குனிக்குள் பார்த்துவிடுக. அக்குழிக்குக் கோடையில் நீர் வார்த்து வருக. முகில் திரண்டதும், மின்னல் தொடங்குமுன்னரே, மின்னோடியின் இணைப்பைத் துண்டித்துவிடுக. தொடங்கிய பின்னர் ஆளியருகே போதல் ஆகாது.

பொருளினும் உயிர் பெரிது. இந்திய நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இடியால் மாள்கின்றனர். வயலில் உழைப்போர் அவருட் பலர். தனிமரத்தடி, கம்பிவேலி, கிணற்றுமேடு மூன்றையும் விட்டகல்க. ஆடுமாடுகளை மரத்தடியில் கட்டற்க. விழுந்த உரும் மண்ணில் பரவும்போது அடிக்கு அடி அழுத்தம் மாறுபடும். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி மிகுந்த மாடு, மாந்தன் பிழைக்கும் இடத்திலும் மாளும்.

இச்செய்திகளை மாணவர் தமிழிலேயே கற்று, தமிழிலேயே வீட்டாருக்குச் சொல்லுதல் வேண்டும். மின்கம்பத்தில் ஏறுபவரும் ஏர் பிடிப்பவரும் அறியாத மொழியில் கிடக்கும் அறிவு, தூர்ந்த வாய்க்கால் போன்றது. கலிங்கு இருந்தும் பயனில்லை. தாக்கழுத்தம், மின்காப்பு, நிலக்கம்பி ஆகியன பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் சொற்கள். விளங்கிய சொல் கையைச் செயற்படுத்தும்.

இடியைத் தடுக்க எவராலும் இயலாது. அதற்கு வழிவிட இயலும். கரையை உயர்த்துவது பொறியாளர் கடன். கலிங்கை நாட்டுவது வாரியத்தின் கடன். வாய்க்கால் தூராமல் காப்பதில் ஊருக்கும் பங்குண்டு. வரும் பங்குனிக்குள் ஒவ்வோர் ஊரும் தன் மின்மாற்றியின் அடியை ஒருமுறை உற்று நோக்குக. அந்தப் பார்வைக்கு அருச்சுனன் துணை வேண்டியதில்லை. அறிவின் துணை போதும்.